ஒன்பதாம் நாள் சீட்டு

அத்தியாயம் 17

போன வாரம் சின்னவளை ஆவண அறைத் தரையில், மடியில் ஒரு டீசல் சீட்டோடு உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டோம். உங்களுக்கு ஏழு நாள். நல்லவேளை, அவளுக்கு ஒரு ராத்திரிதான் ஆகியிருக்கிறது. அந்த ராத்திரி அவள் கண்ணை மூடவே இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டு விடியலுக்கு வருவோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சின்னவள் நகர மன்றத்தில் வேலை பார்க்கிறாள். ஊர் மொத்தமும் சேர்ந்து ஒரு வருடத்தில் எவ்வளவு பசுமை இல்ல வாயுவை வானத்துக்கு அனுப்புகிறது என்று கணக்கிடுவது அவள் வேலை. பேருந்து குடிக்கும் டீசல், தெருவிளக்கு தின்னும் மின்சாரம், ஆஸ்பத்திரிக் கொதிகலன் எரிக்கும் எண்ணெய் எல்லாம் அவள் மேஜைக்கு வந்து டன்னாக மாறும். அலுவலகத்தில் அவளுக்குப் 'புகைத் தராசு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே கூப்பிடுவதில்லை. அவ்வளவு மரியாதை இருக்கிறது.

வீட்டில் மூன்று பேர். அம்மா, அண்ணி, அவள். நாலாவது ஆள் அண்ணன். ஊர்க் குப்பை மேட்டில் புல்டோசர் ஓட்டியவன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த மேடு தீப்பிடித்து இருபத்து மூன்று நாள் எரிந்தது. பத்தாம் நாள் அவன் உடல் கிடைத்தது. இறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். 'இரண்டாம் நாளே பணியை விட்டு நீங்கியவர். பின்னர் அனுமதியின்றி உள்ளே நுழைந்தவர்' என்று எழுதி மன்றம் கையைக் கழுவிக்கொண்டது.

சின்னவள் கண்டெடுத்த சீட்டு, தீயின் ஒன்பதாம் நாள் தேதியிட்டது. அண்ணனுடைய புல்டோசருக்கு நாற்பது லிட்டர் டீசல். 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் அண்ணனுடைய கையெழுத்து.

செத்து ஆறு நாளான மனிதன் வந்து டீசல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

*

"ஜன்னலைச் சாத்துடி. புகை வருது" என்றாள் அம்மா.

"எங்கம்மா வருது? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கெங்க தெரியும்? நீ புகையைக் காகிதத்துல பாக்கிறவ."

பதினோரு வருடமாகத் தினமும் காலையில் நடக்கிற பேச்சு இது. சின்னவள் ஜன்னலைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தாள். தெருக்கோடிக்கு அப்பால் மேடு தெரிந்தது. மேலே மண் போட்டுப் புல் வளர்த்துவிட்டார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் பூங்கா என்பார்கள். புல்லுக்கு நடுவே மூன்று இரும்புக் குழாய்கள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே அழுகுவதெல்லாம் வாயுவாகி இராப்பகலாக அந்தக் குழாய் வழியே வெளியேறுகிறது. புதைத்துவிட்டால் அடங்கிவிடும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் அங்கே போய்க் கருவியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சின்னவள் மாதம் ஒரு முறை போய்ப் பிடிக்கிறாள். முள் ஒரு நாள்கூடக் கீழே இறங்கியதில்லை.

அண்ணி ஒரு கையில் காபியும் ஒரு கையில் கூட்ட நிகழ்ச்சி நிரலுமாக வந்து உட்கார்ந்தாள். மேட்டை ஒட்டிய வார்டுக்கு அவள்தான் மன்ற உறுப்பினர். வீட்டில் "சின்னவளே, என் கண்ணாடியைப் பாத்தியா?" என்பவள், மன்றத்தில் "அதிகாரி அவர்கள் விளக்க வேண்டும்" என்பாள். சின்னவளும் அங்கே "உறுப்பினர் அவர்களுக்கு வணக்கம்" என்பாள். கேட்கிற கடைநிலை ஊழியர்களுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

"இன்னிக்கு ஓட்டு எந்தப் பக்கம் போகும் அண்ணி?"

"மன்றத்து விஷயம் அடுப்படிக்கு வரக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? காபியைக் குடி. ராத்திரி பூரா உன் அறையில விளக்கு எரிஞ்சுது. ஊருக்கெல்லாம் மின்சாரத்தைக் குறைன்னு சொல்றவ நீ."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கைப்பை மடியில் இருந்தது. சீட்டு அதற்குள் இருந்தது. அண்ணியிடம் காட்ட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அம்மா பக்கத்திலேயே நின்று பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு முன்னால் தீயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

*

இன்றைய கூட்டத்தின் விஷயம் இதுதான். பத்து வருடத்தில் ஊரின் புகையை நாற்பது சதவீதம் குறைப்பது என்று மன்றம் முடிவெடுக்கப் போகிறது. நாற்பது என்பதில் யாருக்கும் சண்டையில்லை. எந்த வருடத்திலிருந்து நாற்பது என்பதில்தான் சண்டை. உடம்பை இளைக்க வைக்கிறேன் என்று சபதம் போடுகிறவர், தான் என்றைக்கு இருந்த எடையிலிருந்து என்று முதலில் சொல்ல வேண்டுமல்லவா? அதற்கு 'அடிப்படை ஆண்டு' என்று பெயர்.

நகரத் தலைவருக்கும் வெளியூரிலிருந்து வந்த ஆலோசகருக்கும் தீ எரிந்த வருடம்தான் வேண்டும். அந்த வருடம் ஊர் விட்ட புகை நாலு லட்சத்து அறுபதாயிரம் டன். இன்றைக்கு மூன்று லட்சம். ஆக, ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தாகிவிட்டது. மிச்சம் இருபத்து நாலாயிரம் டன். நாலு தெருவில் விளக்கை மாற்றிப் படம் எடுத்துக்கொண்டால் முடிந்தது.

சின்னவளுக்கும் அவளுடைய மேலதிகாரிக்கும் தீக்கு முந்தைய வருடம் வேண்டும். அந்த வருடம் மூன்று லட்சத்து ஐயாயிரம். அதிலிருந்து நாற்பது சதவீதம் என்றால் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் டன் நிஜமாகவே குறைய வேண்டும். பேருந்துகளை மாற்ற வேண்டும். கொதிகலன்களை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேட்டின் வாயுவைக் குழாய் போட்டுப் பிடித்தாக வேண்டும். அம்மா ஜன்னலைத் திறந்து வைக்கிற ஒரு காலம் வரும்.

நேற்றுச் சாயங்காலம் வரை சின்னவளுக்கு இதில் ஒரு தயக்கமும் இல்லை. ஆவண அறையில் அந்தப் பெட்டியைத் திறந்ததுதான் வினை.

அடிப்படை ஆண்டாக எதை எடுக்கிறோமோ, அந்த ஆண்டின் ஒவ்வொரு காகிதத்தையும் வெளியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வந்து புரட்டிப் பார்ப்பார்கள். இலக்கு முடியும் வரை அவை பத்திரமாக இருக்கும். மற்ற ஆண்டுகளின் காகிதங்கள், பத்து வருடம் தாண்டியிருந்தால், இந்த மாதக் கடைசியில் மன்றத்தின் பின்கட்டில் இருக்கும், காகிதம் எரிக்கிற செங்கல் உலைக்குப் போகும். சீட்டைத் தனியாக எடுத்துப் போய்ப் புகார் கொடுக்கலாமே என்கிறீர்களா? பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த சீட்டு வெறும் காகிதம். தங்கைக்காரி எழுதிக் கொண்டுவந்தாள் என்பார்கள். வரிசை எண்ணோடு, மற்ற சீட்டுகளோடு, பெட்டிக்குள் இருக்கும் வரைதான் அதற்கு உயிர்.

தீ வருடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஊர் ஏமாறும். அண்ணனுடைய சீட்டுகள் வெளிச்சத்துக்கு வரும். முந்தைய வருடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஊருக்கு நல்லது நடக்கும். அண்ணன் இரண்டாவது முறை எரிவான்.

கையெழுத்து எப்படி வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மன்றத்து வண்டிகள் நிற்கும் பணிமனையில் டீசல் பம்ப் காலையில் திறந்ததும் வண்டிகள் வரிசை கட்டும். சீட்டை எழுதி, கையெழுத்துப் போட்டு, கிழித்துக் கொடுப்பதற்குள் முன்னால் நாலு வண்டி புகுந்துவிடும். அதனால் ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரு வேலை செய்வார்கள். விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து, ஐம்பது சீட்டுள்ள புத்தகம் முழுவதிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்கள். அண்ணன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஐம்பதையும் ஒரே மூச்சில் போடுவான். "பாரு, நகரத் தலைவரைவிட எனக்குத்தான் கையெழுத்து வேலை ஜாஸ்தி" என்பான்.

அந்தப் புத்தகம் எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். அப்படியானால் யாரோ ஒருவன், புகைக்குள்ளே, அந்தச் சட்டைப் பையில் கையை விட்டு எடுத்திருக்கிறான். எடுத்துக்கொண்டு, ஆளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். ராத்திரி முழுக்க அந்தக் கைதான் அவள் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது.

*

"முகமெல்லாம் ஏம்மா இப்படி வாடிக் கிடக்கு? உக்காருங்க" என்றார் பெரிய சார்.

சின்னவளுடைய மேலதிகாரியை மன்றத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடிமட்டத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்த மனிதர். ஒருவரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அண்ணன் போன மறு வருடம் சின்னவளைக் கூப்பிட்டு இந்த வேலையில் உட்கார வைத்தவர் அவர்தான். தானே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"தலைவர் காலையிலேயே கூப்பிட்டு ஒரு மூச்சு கத்திட்டார். தீ வருஷத்தையே வையுங்கன்னு. நான் அசையல. நேர்மையா ஒரு கணக்கு போட்டிருக்கோம், அதுல கை வைக்க விட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"ரொம்ப நன்றி சார்."

"நன்றி எல்லாம் எதுக்கு? உங்க வீட்டுக்கும் அந்த வருஷத்தைத் திரும்பக் கிளறாம இருக்கிறதுதான் நல்லது. உங்க அம்மா மனசு என்ன பாடுபடும்?"

சின்னவளின் கை கைப்பையின் மேல் போயிற்று. இவரிடமாவது சொல்லிவிடலாமா?

"நேத்து அந்த வருஷத்துப் பெட்டியைத் திறந்து பாத்தேன் சார்."

பெரிய சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகல் ஒரு நொடி நின்றது.

"அதை எதுக்கும்மா திறக்கணும்? அதுதான் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சே. மாசக் கடைசியில உலைக்குப் போற காகிதம்." பிறகு சிரித்தார். "அந்த உலையையும் விடாம உங்க கணக்குல சேத்தவங்களாச்சே நீங்க. வருஷத்துக்கு எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டரை டன் சார்."

"ரெண்டரை டன்!" என்று தலையை ஆட்டி ரசித்தார். "போங்க, முகத்தைக் கழுவிட்டு வாங்க. நேரமாச்சு."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

கூட்ட அறையில் பதின்மூன்று உறுப்பினர்கள். தலைவர் நடுவில். ஆலோசகர் திரையில் வண்ண வண்ணமாகக் கோடுகள் காட்டினார். தீ வருடத்திலிருந்து தொடங்கிய கோடு, சறுக்குமரம் போல அழகாகக் கீழே இறங்கியது. இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அடுத்து சின்னவள். முந்தைய வருடத்தை எடுத்துச் சொன்னாள். அவளுடைய கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கைதட்ட அதில் ஒன்றுமில்லை.

"தீ நடந்த ஆண்டை விட்டுடலாம்கிறதுக்குக் காரணம்?" என்றார் தலைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"குறிப்புல இருக்குங்க. அசாதாரண ஆண்டு."

"அவ்வளவு போதும்மா, உக்காருங்க" என்று பக்கத்திலிருந்து மெல்லச் சொன்னார் பெரிய சார்.

அவள் உட்காரப் போனாள். உட்கார்ந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

"ஒரு கேள்வி" என்று ஒரு குரல் எழுந்தது. அண்ணி.

"அசாதாரண ஆண்டுன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிருக்கீங்க. அந்த ஆண்டுல என்ன நடந்துச்சு? அதிகாரி அவர்கள் விளக்கணும். என் வார்டு ஜனங்களுக்கு நான் போய்ச் சொல்லணும்."

அண்ணியின் முகத்தில் கோபம் இருந்தது. அது சின்னவள் மேலா, வேறு எதன் மேலா என்று தெரியவில்லை. பதினோரு வருடத்தில் அண்ணி தன் வாயால் தீயைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. புருஷன் செத்த வருடத்தை இரண்டு சொல்லில் மூடி வைத்திருக்கும் காகிதத்தை அவள் கையில் பிடித்திருந்தாள்.

சின்னவள் கையிலிருந்த விதிமுறையைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளே உட்கார்ந்து எழுதிய விதிமுறை. ஏழாவது விதி: ஒரு ஆண்டை விலக்கினால், விலக்கியதற்கான காரணத்தை மன்றத்தில் முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும், காரணத்துக்கான ஆதாரங்களை அடிப்படை ஆண்டின் ஆவணங்களோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

அவளே எழுதியது, அவளுக்கே மறந்துபோயிருந்தது. ராத்திரி முழுக்க இரண்டு கதவுக்கு நடுவில் முட்டிக்கொண்டிருந்தவளுக்கு மூன்றாவதாக ஒரு கதவு கண்ணெதிரே திறந்தது.

எழுந்து நின்றாள். குறிப்பை மூடி வைத்தாள்.

"அந்த ஆண்டு பதினோராவது மாசத்துல குப்பை மேடு இருபத்து மூணு நாள் எரிஞ்சுது. பக்கத்து மூணு தெருவுல இருந்தவங்க வீட்டை விட்டுப் போக வேண்டியதாச்சு. ஒரு லட்சத்து அம்பதாயிரம் டன்னுக்கு மேல புகை. அது ஊர் வாழ்ந்ததால வந்த புகை இல்ல. ஊர் கவனிக்காம விட்டதால வந்த புகை. அதை அடிப்படையா வச்சு நாம குறைச்சோம்னு சொன்னா, தீ அணைஞ்சதையே நம்ம சாதனைன்னு சொல்ற மாதிரி ஆகும்."

மூச்சு வாங்கினாள்.

"அதுல ஒருத்தர் செத்துப்போனார். மன்றத்தோட புல்டோசர் ஓட்டினவர்."

பெயரைச் சொன்னாள். அப்பா பெயரோடு சேர்த்து, முழுப் பெயரை, சத்தமாகச் சொன்னாள். அந்தச் சுவர்களுக்குள் அந்தப் பெயர் ஒலித்து பதினோரு வருடமாகிறது. தட்டச்சு செய்துகொண்டிருந்த ஊழியர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து பெயரை அடித்தார்.

"அவர் ரெண்டாம் நாளே வேலையை விட்டுப் போயிட்டார்னு மன்றத்து அறிக்கை சொல்லுது. ஒன்பதாம் நாள் வரைக்கும் அவர் வண்டிக்கு, அவர் கையெழுத்துல, டீசல் கொடுத்திருக்கோம்னு மன்றத்து சீட்டு சொல்லுது. ரெண்டும் நம்ம காகிதம்தான். எது பொய்ன்னு எனக்குத் தெரியாது. ஏழாவது விதிப்படி அந்தப் பெட்டியை ஆதாரமா இணைக்கணும்னு கேட்டுக்கறேன்."

உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. இருமக்கூட இல்லை.

வாக்கெடுப்பில் முந்தைய வருடத்துக்கு ஏழு, தீ வருடத்துக்கு ஆறு; பெட்டியை இணைப்பதும் அதோடு முடிவாயிற்று. ஏழாவது கையைத் தூக்கியது அண்ணி. கை தூக்கியபோது அவள் சின்னவளைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரின் இலக்கு நிஜமான இலக்காயிற்று. சின்னவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

*

மாலை ஐந்து மணிக்குப் பெரிய சார் அவள் மேஜைக்கே வந்தார். முகம் வெளுத்திருந்தது. வயசாகிறது, நாள் முழுக்கக் கூட்டம், பாவம் என்று நினைத்தாள் சின்னவள்.

"தைரியமா பேசினீங்கம்மா."

"உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் சார். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல. ஆனா ஒண்ணு. அந்தப் பெட்டி இனிமே சாதாரணப் பெட்டி இல்ல. தலைவரோட ஆளுங்க என்ன வேணா செய்வாங்க. ஆவண அறைச் சாவி உங்ககிட்ட இருக்கிறது உங்களுக்கு ஆபத்து. கொடுங்க, இன்னிக்கே நான் முத்திரை வச்சு என் அலமாரியில பூட்டிடறேன். நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

பத்து வருடமாகத் தகப்பன் மாதிரி இருந்தவர். சாவியைக் கொடுக்கும்போது அவளுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

*

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். அண்ணி கூடத்தில், மன்றத்துக்குப் போன புடவையோடு, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கோவமா அண்ணி?"

"கேள்வி கேட்டதே நான்தான். என்ன கோவம்?" என்றாள். "டீசல் சீட்டுன்னு சொன்னியே. அது என்ன?"

சின்னவள் கைப்பையைத் திறந்து சீட்டை மேஜைமேல் வைத்தாள். பெட்டியிலிருந்து அந்த ஒன்றை மட்டும் இதற்காகத்தான் எடுத்து வந்திருந்தாள்.

அண்ணி குனிந்து பார்த்தாள். கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இது முன்னாடியே கையெழுத்துப் போட்டு வச்ச புத்தகம் அண்ணி. அவன் சட்டைப் பையிலேருந்து யாரோ..."

"சட்டைப் பையில இல்ல" என்றாள் அண்ணி.

"என்ன?"

"புத்தகம் அவர்கிட்ட இல்ல. கடைசியா வேலைக்குக் கிளம்பின அன்னிக்குப் பதட்டத்துல மறந்துட்டுப் போயிட்டார். குளிர்சாதனப் பெட்டி மேலயே இருந்துச்சு." குரல் ஏதோ ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "அஞ்சாம் நாள். ரெண்டு நாளா அவர்கிட்டேருந்து ஒரு சேதியும் இல்ல. நான் போய்த் தேடறேன்னு கிளம்பிட்டேன். நீ ஊர்ல இல்ல, பரீட்சைக்குப் போயிருந்தே. செருப்பு மாட்டிட்டேன் சின்னவளே. வாசல்ல கால் வச்சுட்டேன். அப்ப பணிமனையிலேருந்து ஒருத்தர் வந்தார். 'எங்கேம்மா போறீங்க? இப்பதான் அவரைப் பாத்துட்டு வரேன். நல்லா இருக்கார். வண்டியை விட்டு இறங்க நேரமில்ல. சீட்டுப் புத்தகத்தை மறந்துட்டாராம், வாங்கிட்டு வரச் சொன்னார்'ன்னார்."

சின்னவள் அண்ணி பக்கம் நெருங்கி நின்றாள்.

"எடுத்துக் கொடுத்தேன். என் கையாலயே கொடுத்தேன். செருப்பைக் கழட்டி வச்சுட்டு உள்ள வந்து அத்தைகிட்ட, 'அவர் நல்லா இருக்காராம்'னு சொன்னேன். அஞ்சு நாள். அதுக்கப்புறம் அஞ்சு நாள் நான் நிம்மதியா சாப்பிட்டேன், தூங்கினேன்."

"அண்ணி..."

"டாக்டர் சொன்னதும் எனக்குப் புரிஞ்சுது, அந்த ஆள் பாத்ததா சொன்னது பொய்னு. ஒரு பொம்பளையைப் பதற விடக் கூடாதுன்னு நல்ல மனசுல சொன்ன பொய்னு நினைச்சேன். புத்தகம் வெறும் சாக்குன்னு நினைச்சேன். அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல. நான் தேடிப் போகாம இருந்ததை எந்த வாயால சொல்லுவேன்?" சீட்டை விரலால் தட்டினாள். "இதைப் பாக்கிற வரைக்கும் தெரியாது. அதுல டீசல் வாங்கியிருக்காங்க. உள்ள செத்துக் கிடக்கிறவர் பேர்ல வாங்கியிருக்காங்க."

"யார் அண்ணி வந்தது?"

அண்ணி நிமிர்ந்தாள்.

"பணிமனைக்கு அப்ப அவர்தான் பொறுப்பு. அடுத்த வருஷம் உனக்கு வேலை போட்டுக் கொடுத்தார். அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் உதவுறார்னு நினைச்சு நானும் சும்மா இருந்துட்டேன். இன்னிக்கு உன் பக்கத்துல உக்காந்திருந்தாரே, சின்னவளே."

சின்னவளுக்குத் திருகல் நின்ற பேனா மூடி ஞாபகம் வந்தது. அந்த வருடம் வேண்டாம், வேண்டாம் என்று இத்தனை மாதமாகச் சொன்ன நேர்மை ஞாபகம் வந்தது.

"பெட்டி பத்திரமா இருக்கா?" என்றாள் அண்ணி. "சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"சாயங்காலம் அவரே வந்து வாங்கிட்டுப் போயிட்டார் அண்ணி."

"ஜன்னலைச் சாத்துங்கடி, புகை வருது" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"சாத்தித்தாம்மா இருக்கு" என்று சொல்ல வந்த சின்னவள் பாதியில் நிறுத்தினாள். மூக்கில் ஏதோ உறுத்தியது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவளுக்கும் வாடை தெரிந்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து வரவில்லை. வாசல் பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் மேடு இல்லை. மூன்று தெரு தள்ளி நகர மன்றத்தின் பின்கட்டுதான் இருக்கிறது.

அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து நின்றாள். மோந்து பார்த்தாள். புகையை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

"இது மேட்டுப் புகை இல்லடி" என்றாள். "காகிதம் எரியுது."

சின்னவள் சீட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் அண்ணி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.